ஊசி போய்ச் சேராத இடம்

பலாங்கீர்,
23.11.2003

அன்புள்ள லலாட்டேந்துவுக்கு,

இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல் என்று தொடங்கும் வழக்கத்தை இம்முறை பாதியாக வெட்டிக்கொள்கிறேன். முதற்பாதி உண்மையன்று. பர்மிங்காமில் நீயும் ஸ்மிதாவும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிறுதோறும் நீ தொலைபேசியில் அழைக்கிறாய். அப்போதே இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நானி என்றழைக்கும் உன் அக்கா குந்தலா ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் உட்காருகிறாள். தம்பியின் குரல் வீடு முழுக்கக் கேட்க வேண்டும் அவளுக்கு. அதுவுமன்றி, நான் எதையாவது தொடங்கினால் நீ சிரித்துவிடுகிறாய். கடிதத்தின் குறுக்கே சிரிக்க முடியாது. ஆகவே கடைசி வரி வரையில் படி. கடைசி வரியைப் படிக்காமல் விட்டதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

செப்டம்பர் மாதத்தை நினைவுபடுத்துகிறேன். நுவாகாய்ப் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே குந்தலா தன் இடது மார்பில் ஒரு கட்டி இருப்பதைக் குளிக்கும்போது கண்டிருக்கிறாள். புது அரிசி வீட்டுக்கு வந்து, சமைத்து, எல்லோரும் உண்டு, பெரியவர்களுக்கு ஜுஹார் சொல்லிக் கால் தொட்டு முடியும் வரையில் என்னிடம் வாய் திறக்கவில்லை. நல்ல நாளில் நோயைப் பற்றிப் பேசக் கூடாதாம். மூன்றாம் நாள், பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே, "இங்க ஒண்ணு தட்டுப்படுது, கொட்டைப்பாக்கு மாதிரி. வலியெல்லாம் இல்லை" என்றாள். வலி இல்லாததை நல்ல செய்தியைப்போலச் சொன்னாள்.

மாவட்ட மருத்துவமனையின் அறுவை மருத்துவர் நல்ல மனிதர். திரைக்கு அப்பால் நின்று கேள்வி கேட்டார். அவள் திரைக்கு இப்பால் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள். தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அவள் மறுத்தாள். அவர் வற்புறுத்தவில்லை. ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்க்கும் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பேருந்து நிலையத்துக்கு எதிரிலுள்ள பரிசோதனைக்கூடத்தில் ஒரு நர்ஸ் பெண் ஊசி போட்டாள். பெண் என்பதால் குந்தலா ஒத்துக்கொண்டாள். ஒரே குத்து, ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள். ஸ்லைடுகளைப் பிஸ்கட் பெட்டி ஒன்றில் அடுக்கிச் சம்பல்பூருக்குப் போகும் பேருந்தில் ஏற்றினார்கள். அவற்றைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் அங்கேதான் இருக்கிறார். எட்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. ரிப்போர்ட்டில் மூன்று வரிகள் இருந்தன. நான் தொலைபேசிக்கு முன்னால் நின்று உனக்குப் படித்துக் காட்டினேன். புற்று அணுக்கள் காணப்படவில்லை என்பது முதல் வரி. நீ அங்கேயே என்னை நிறுத்தினாய். இரத்தமும் சிறிது கொழுப்பும் மட்டுமே உள்ளன என்று இரண்டாம் வரியை உன் குரலுக்கு மேல் படித்தேன். மாதிரி போதாது, கட்டி இருக்குமானால் மீண்டும் எடுக்க வேண்டும் என்ற மூன்றாம் வரியையும் படித்தேன். அக்கா கணவனான இந்தப் பினோயியிடம் அப்போது நீ சொன்னது சொல்லுக்குச் சொல் எனக்கு நினைவிருக்கிறது: "விடுங்க பினோயி! கேன்சர் செல் இல்லைன்னுட்டான், அவ்வளவுதான் மேட்டர். மிச்சமெல்லாம் லேப்காரன் தன் தலை தப்பிக்க எழுதற வரி. நாங்களும் எழுதுவோம். நானி, ஊசி டெஸ்ட் நெகட்டிவ்னா முடிஞ்சது கதை. போய் எனக்கு வடகம் போடற வேலையைப் பாரு!"

உன் நானி சிரித்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்ததைக் கேட்டு நானும் ரிப்போர்ட்டை மடித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்கு நான் கொடுத்த இடத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போது உன் முறை.

நீ முழங்கால் மூட்டு மாற்றுவதில் தேர்ந்தவன் என்று கேள்வி. உன்னிடம் யாரும் மார்பைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது நம் குடும்பங்களில் டாக்டர் ஆனவர்களின் உரிமையாக இருந்து வருகிறது. அதை நீ ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து பயன்படுத்தினாய்.

கட்டி இப்போது கொட்டைப்பாக்கு அளவில் இல்லை. போன வாரம் மொட்டைமாடியில் உனக்காக வடகம் வைத்துக்கொண்டிருந்தவள், உயரே கட்டியிருந்த கொடியில் துணியை இழுக்கக் கையைத் தூக்கினாள்; பாதியில் நின்றுவிட்டது. அன்று நான் பார்த்தேன். கட்டிக்கு மேலே தோல் உள்நோக்கி இழுபட்டு, மாவில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாற்போல் ஒரு குழி. மறுபடி பரிசோதிக்கலாம் என்றேன். "ரிப்போர்ட்தான் வந்தாச்சே" என்றாள். ரிப்போர்ட் பூசையறையில் தாரிணி அம்மன் படத்துக்கு முன்னால் இருக்கிறது. மேல் மூலையில் குங்குமம் வைத்திருக்கிறாள்.

கல்லூரியில் எனக்கு இன்னும் நான்கு ஆண்டு சேவை இருக்கிறது. புள்ளியியல் படிக்க இவ்வாண்டு ஒன்பது பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். மழை நின்றுவிட்டது, காலையில் பனி இறங்குகிறது.

உன்னிடம் நான் வேண்டுவது அதிகமன்று. அடுத்த ஞாயிறு அழைக்கும்போது உன் நானியிடம் மூன்று சொற்களைச் சொல்: நான் சொன்னது தவறு. அவள் என் பேச்சைக் கேட்கமாட்டாள். மருத்துவத்தில் எனக்கு என்ன தெரியும் என்பாள், அதுவும் நியாயமே. உன் சொல்லால் மூடிய கதவு உன் சொல்லால்தான் திறக்கும்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
திகம்பர் புரோகித்

*

பலாங்கீர்,
14.12.2003

லலாட்டேந்துவுக்கு,

என் கடிதம் உனக்குக் கிடைத்ததென்பதை உன் அழைப்பிலிருந்து தெரிந்துகொண்டேன். மூன்று சொற்கள் கேட்டேன். நீ முந்நூறு பேசினாய். அந்த மூன்று மட்டும் அவற்றில் இல்லை. "பினோயிக்கு ரிடயர்மென்ட் கிட்ட வந்துடுச்சு நானி, பரீட்சை வைக்கப் பிள்ளைங்க கிடைக்கல, உனக்கு வைக்கறார். அவர் திருப்திக்கு இன்னொரு தடவை காட்டிட்டு வந்துடேன்" என்றாய். என் திருப்திக்கு! தட்டில் வைத்த பலகாரத்தை, பிடிக்காவிட்டாலும், கணவன் திருப்திக்காக ஒரு வாய் தின்னச் சொல்வதைப்போல. அவள் சிரித்துவிட்டுத் தொலைபேசியை வைத்தாள்.

அன்று மாலை அவள் மறுக்கும் காரணத்தை முதன்முறையாகச் சொன்னாள். ஊசிக்குப் போகும் முன்பு காட்காம் தாரிணிக்கு வேண்டிக்கொண்டாளாம், ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் தேங்காய் அனுப்புகிறேன் என்று. நீ தீர்ப்புச் சொன்ன மறுநாள் காலையில் என்னையும் அழைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போய், சம்பல்பூர் வண்டியின் கண்டக்டர் உச்சப்பின் கையில், வண்டிக்கு வண்டி மாறிக் கோயில் போய்ச் சேரட்டும் என்று தேங்காயைக் கொடுத்தாள். நானும் உடனிருந்தேன். "அம்மா கேட்டதைக் கொடுத்துட்டா, நானும் சொன்னதைக் கொடுத்துட்டேன். இப்ப மறுபடி போய் ஊசி போட்டுக்கிட்டா என்ன அர்த்தம்? நீ கொடுத்தது நிஜந்தானான்னு அவளைச் சோதிச்சுப் பார்க்கற மாதிரி ஆகாதா?" என்று கேட்டாள்.

நிகழ்தகவைக் கொண்டு தெய்வத்தோடு வாதாட எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

ஆகவே செவ்வாயன்று விடுப்பு எடுத்துக்கொண்டு சம்பல்பூர் புறப்பட்டேன். ரிப்போர்ட்டில் கையெழுத்திட்ட டாக்டர் மினதி மெஹேரைக் கண்டு நான்கு வார்த்தை கேட்கவேண்டும் என்ற எண்ணம். வழியெல்லாம் அவற்றைக் கூர்தீட்டிக்கொண்டே போனேன்.

அதே பேருந்து, அதே உச்சப். முன்கண்ணாடிக்கு அடியில் ஏழெட்டுத் தேங்காய்கள் உருண்டுகொண்டிருந்தன. என்னைக் கண்டதும், "மேடம் கொடுத்தது அன்னிக்கே போயிடுச்சு சார். சம்பல்பூர்ல கேந்துஜர் வண்டி டிரைவர் கையில நானே கொடுத்தேன். அவர் கொண்டுபோய்க் காட்காம்ல இறக்கிட்டேன்னு வந்து சொன்னார். தாரிணி தேங்காயை வழியில விட்டவன் வண்டி அடுத்த மேடு ஏறுமா?" என்றான். அதற்கும் முந்தைய வாரம் ஒரு பிஸ்கட் பெட்டி வந்திருக்குமே, பரிசோதனைக்கூடத்திலிருந்து, என்று கேட்டேன். "லேப் பார்சலா? ஸ்டாண்டுல இறக்கி வெச்சிருப்பேன் சார். யாராச்சும் வந்து எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

மூன்றரை மணி நேரப் பயணத்தில் அந்த 'யாராச்சும்' என்ற சொல்லை நான் இறக்கி வைக்கவில்லை.

டாக்டர் மினதி என்னைவிடச் சற்று இளையவர். மேசையில் தேநீர் ஆறிப்போயிருந்தது, எதிரில் ஸ்லைடுகள் அடுக்கடுக்காக இருந்தன. பெயரையும் தேதியையும் சொன்னேன். எழுந்துபோய் மர அலமாரியிலிருந்து எங்களுடைய இரண்டு ஸ்லைடுகளை எடுத்துவந்து நுண்ணோக்கியில் வைத்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னார். வெளிர்நிறக் குமிழிகள் சில. அவற்றைச் சுற்றி இரத்தம் தூவியிருந்தது. மற்றபடி வெற்றுக் கண்ணாடி.

"இது கொழுப்பு சார். உங்க கையில குத்தியிருந்தாலும் இதேதான் வரும்" என்றார். "கட்டியிலிருந்து ஒரு செல்கூட இதுல இல்லை. அதைத்தான் மூணாவது வரியில எழுதினேன். இருபத்திரண்டு வருஷமா எழுதறேன். மூணாவது வரியை யாரும் படிக்கறதில்லை."

நான் படித்தேன் என்றேன்.

"படிச்சீங்களா? அப்புறம் ஏன் சார் மூணு மாசம்?"

கூர்தீட்டிக் கொண்டுபோன நான்கு வார்த்தைகளும் என் பக்கமே திரும்பிக்கொண்டன. சென்ற கடிதத்தில் பிறகு எழுதுகிறேன் என்று தள்ளிவைத்ததை இங்கே எழுதிவிடுகிறேன். இல்லாததைக் காணாததும் இருப்பதைக் காணத் தவறியதும் வேறு வேறு என்று முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவருகிறவன் நான். ஒவ்வொரு ஜூலையிலும் முதல் மாதப் பாடம் அது. அதே பாடம் என் வீட்டுக்குத் தட்டெழுத்தில் வந்தபோது, மனைவி சிரிக்கிறாள் என்பதற்காக மடித்துப் பூசையறைக்கு அனுப்பினேன். உன் மேலுள்ள கோபம் இதனால் குறையவில்லை. கோபத்துக்குரியவர் இருவர் என்பது தெளிவாகியிருக்கிறது, அவ்வளவே.

ஊசி எப்படிப் போடப்பட்டது என்று டாக்டர் கேட்டார். குந்தலா என்னிடம் சொல்லியிருந்ததைச் சொன்னேன். உட்கார்ந்தபடி விரலால் இடத்தைக் காட்டினாள், பிறகு படுக்கச் சொன்னார்கள், ஊசி இறங்கியது. டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். படுத்தால் கட்டி அதே இடத்தில் இருக்காது என்றார். ஊசி போடுகிறவர் ஒரு கையால் கட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் குத்த வேண்டும், நாலைந்து திசையில் ஊசியை ஓட்ட வேண்டும், எடுத்ததை அங்கேயே பார்த்துப் போதவில்லையென்றால் உடனே மறுபடி குத்த வேண்டும். அன்று அந்த அறையில் கட்டியை யாரும் பிடித்திருக்கவில்லை. உன் நானி முந்தானையைப் பிடித்திருந்தாள்.

பிறகு நான் ஆசிரியனாகக் கேட்டேன்: இந்தச் சோதனை எவ்வளவு தவறும்? அவர் சொன்னதை நீ கவனமாகப் படிக்க வேண்டும். "நோய் உள்ள நூறு பேருக்கு நானே ஊசி போட்டு நானே பார்த்தா, அஞ்சு பேர், ஏழு பேர், சில சமயம் பத்து பேர் என் ஊசிக்குத் தப்பிடுவாங்க. அதனாலதான் ஊசியை மட்டும் நம்ப மாட்டோம். கை என்ன சொல்லுது, படம் என்ன சொல்லுது, ஊசி என்ன சொல்லுது, மூணும் ஒரே வாயா 'இல்லை'ன்னா விட்டுடலாம். ஒண்ணு மாறினாலும் விடக் கூடாது, பெரிய ஊசியால சதையே எடுத்துப் பார்த்துடணும். அதுவே 'இருக்கு'ன்னு ஊசி சொல்லிட்டா அது தப்பாகறது ரொம்ப அபூர்வம்." வேறு யாரோ குத்திப் பேருந்தில் அனுப்பினால் நூற்றுக்கு எத்தனை தவறும் என்று கேட்டேன்.

"தெரியாது சார்" என்றார். "தப்பினவங்க திரும்பி என்கிட்ட வர்றதில்லையே, எப்படி எண்ணறது?"

லலாட்டேந்து, என் வாழ்நாளில் எத்தனையோ அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். நிரப்ப முடியாத ஒரு கட்டத்தை யாரும் இவ்வளவு எளிமையாக எனக்குக் காட்டியதில்லை.

அழைத்து வாருங்கள், நானே போடுகிறேன் என்றார். அவள் வரமாட்டாள் என்று தேங்காய்க் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். படித்தவர்கள் அப்படித்தானே செய்வோம். அவர் சிரிக்கவில்லை. "அவங்ககிட்ட நான் சொன்னதாச் சொல்லுங்க. உங்க தேங்காய் சரியாப் போய்ச் சேர்ந்துடுச்சும்மா. அம்மன் பேர்ல ஒரு தப்பும் இல்லை. எங்க ஊசிதான் போய்ச் சேரலை" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இதை ஒரு சொல்லும் மாற்றாமல் குந்தலாவிடம் சொன்னேன். உளுந்து களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். உளுந்தை வடித்து வைத்துவிட்டு, "அந்த டாக்டரம்மா நல்லா பேசறாங்க" என்றாள். பிறகு, உன் செல்லப்பெயரைச் சொல்லி, "லுலு என்ன சொல்றான்னு கேட்டுட்டு முடிவு பண்ணலாம். அவன் மனசார போன்னு சொன்னா போறேன். கேலியா இல்ல, மனசார" என்றாள்.

இப்போது உனக்கு விளங்கியிருக்கும். அம்மன் வழிவிட்டுவிட்டாள், நீதான் நிற்கிறாய். ஞாயிறன்று அழை. கேலி வேண்டாம்.

திகம்பர் புரோகித்

*

பலாங்கீர்,
4.1.2004

அன்புள்ள லலாட்டேந்து,

டிசம்பர் 21 ஞாயிறு நீ அழைக்கவில்லை. 28 ஞாயிறும் அழைக்கவில்லை. நீ வெளிநாடு போன பதினோரு ஆண்டுகளில் இரண்டு ஞாயிறுகள் தொடர்ந்து இந்தத் தொலைபேசி ஒலிக்காமலிருந்தது இதுவே முதல்முறை. நான் மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் ஸ்மிதா எடுத்தாள், மூன்று முறையும் நீ குளித்துக்கொண்டிருந்தாய். அந்தக் குளிரில் அத்தனை நேரம் குளிக்காதே, உடம்புக்கு ஆகாது.

21-ஆம் தேதி உன் நானி தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்தாள். ஆறு மணிக்கு எழுந்துபோய்ச் சமைத்தாள். ஏழு மணிக்கு மறுபடி வந்து உட்கார்ந்தாள். ஒருமுறை ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, லைன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். லைன் இருந்தது. 28-ஆம் தேதி மூன்று மணி வரையில்தான் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, "கிளம்புங்க, நாளைக்குச் சம்பல்பூர் போகலாம்" என்றாள்.

லுலு இன்னும் எதுவும் சொல்லவில்லையே என்றேன். என் குரலில் குத்தல் இருந்ததை மறைக்கவில்லை.

"சொல்லிட்டானே" என்றாள். "அவன் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். பரீட்சையில தோத்தப்பக்கூட ஜோக் அடிச்சுக்கிட்டே வந்து நின்னவன் அவன். அப்பா போனப்ப மட்டுந்தான் ரெண்டு நாள் வாயைத் திறக்கல. இப்ப ரெண்டு வாரமா திறக்கலைன்னா எனக்குப் புரியாதா?"

நான் முப்பத்தைந்து நாட்களாகக் கடிதமும் கணக்கும் வைத்து வாதாடி நிறுவ முடியாததை உன் மௌனம் இரண்டு ஞாயிறுகளில் நிறுவிவிட்டது. உனக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

பேருந்து நிலையத்தில் உச்சப்பின் கையில் இன்னொரு தேங்காயைக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு, "என்ன மேடம், அடுத்த வேண்டுதலா?" என்றான். "இல்லப்பா. போன தடவை அவளைத் தொந்தரவு பண்ணதுக்கு" என்றாள்.

டாக்டர் மினதி தாமே அறைக் கதவைச் சாத்தினார். நான் வெளியே நின்றேன். உள்ளே இருவரும் பேசிக்கொண்டது கேட்டது. "முந்தானையை விடுங்கம்மா, நான் பிடிச்சுக்கறேன், உங்களை இல்ல, இதை" என்ற குரலும், சிறிது நேரம் கழித்து, "கடுகு எண்ணெயில வதக்கினா வடகம் கசந்துடாதா?" என்ற குரலும் கேட்டன. உன் நானி பதில் சொன்னாள். பிறகு டாக்டர் ஸ்லைடோடு பக்கத்து அறைக்குப் போனார். அங்கே பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம். திரும்பி வந்தபோது என்னைப் பார்த்தார். உறுதிப்படுத்திக்கொள்ளப் பெரிய ஊசியாலும் சிறிது சதை எடுத்தார். அதன் விடை நேற்று வந்தது.

இம்முறை ரிப்போர்ட்டில் ஒரே வரிதான். அதை இங்கே எழுதமாட்டேன், நீ டாக்டர். எந்த விடையை நம்பலாம், எந்த விடையை நம்பக் கூடாது என்று அந்த அம்மையார் சொன்னதை முந்தைய கடிதத்தில் எழுதியிருக்கிறேன். திரும்ப எடுத்துப் படித்துக்கொள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். செப்டம்பரில் அக்குளில் எதுவும் தட்டுப்படவில்லை என்கிறாள். இப்போது தட்டுப்படுகிறது.

ஜனவரி 27, செவ்வாய்க்கிழமை, கட்டக் மருத்துவமனையில் அறுவை. நான்கு நாள் முன்னதாகச் சேர்ந்துவிட வேண்டும் என்றிருக்கிறார்கள். எனக்கு ஒரு மாத விடுப்புக் கிடைத்திருக்கிறது. ஒன்பது மாணவர்களையும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார். முதல் மாதப் பாடத்தை மட்டும் அவர் இன்னொரு முறை நடத்தினால் நல்லது.

உன் நானி இந்தக் கடிதத்தில் சில வரிகள் தான் சொல்வதாக எழுதச் சொன்னாள். பக்கத்தில் நின்று, நான் எழுதுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே அவள் சொல்லிலேயே எழுதுகிறேன். என் சொல்லில் அவற்றை எழுத எனக்கு இன்னும் காலம் பிடிக்கும்.

"லுலு, உன் மேல எனக்குக் கோபம் இல்லடா. நீ சொன்னப்ப எனக்கு அதைக் கேக்க ஆசையா இருந்துச்சு, நீயும் ஆசையாத்தான் சொன்ன. ரெண்டு பேரும் ஆசைப்பட்டோம், அவ்வளவுதான். பினோயி அப்படித்தான் கோபமா எழுதுவார், நீ மனசுல வெச்சுக்காத. சாப்பிடு. நல்லா இரு, நூறு வயசு இரு. குழந்தைங்களைக் குளிர்ல வெளிய விடாதே."

எழுதிவிட்டேன்.

வடகத்தைப் பற்றி. இவ்வாண்டு பூசணி கலந்தது, உனக்குப் பிடித்தது, இரண்டு டப்பா நிறைய இருக்கிறது. கை தூக்க முடியாமற்போன பிறகும் தரையில் உட்கார்ந்தே வைத்து முடித்தாள். நன்றாகக் காய்ந்துவிட்டது. வழக்கம்போல் பார்சல் கட்டிவிடலாம் என்று நேற்று துணியும் ஊசிநூலும் எடுத்தேன். அவள் டப்பாக்களை என் கையிலிருந்து வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொன்னாள். நான்தான் ஏற்றி வைத்தேன், அவளுக்கு எட்டாது.

"அனுப்ப வேண்டாம். வந்து அவனே எடுத்துக்கட்டும்" என்றாள்.

27-ஆம் தேதி அவள் கண்விழிக்கும்போது கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். இந்தப் பக்கம் நான் இருப்பேன். நாம் இருவரும் பேசிக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. வா.

உன் பினோயி,
திகம்பர்